உங்களுக்கென்றே எடுத்து வைத்த ரேம்

ஆறு மணி நேரம் ஓடுகிற படத்தை எந்த மடையனாவது உட்கார்ந்து பார்ப்பானா? எங்கள் பிஷ்கெக்கில் பார்ப்பார்கள். கல்யாணப் படம் அது. மாப்பிள்ளையின் பெரியப்பாவில் தொடங்கி, அந்தப் பெரியப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர் வரைக்கும் ஒவ்வொருவராக எழுந்து மைக்கைப் பிடித்து வாழ்த்துச் சொல்வார்கள். ஒருத்தர் வாழ்த்தையும் வெட்டக் கூடாது. ஒரு தடவை, யாரோ ஒரு மாமா போதையில் ஒரே வாழ்த்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரே என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டேன். மறுநாள் அவர் குடும்பமே என் வாசலில் வந்து நின்றது. "எங்க மாமா பேச்சுன்னா உங்களுக்கு இளக்காரமா?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து ஏப்பம் விட்டால்கூட நான் வெட்டுவதில்லை.

இந்த ஆறு மணி நேரத்தையும் கோத்து, பாட்டுப் போட்டு, எழுத்துப் போட்டு, டிவிடித் தட்டில் ஏற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. என் பெயர் கனிஷாய். என் கணவர் ஓமுர்பெக் டிராலிபஸ் ஓட்டுகிறார். அவர் சம்பளத்தில் அடுப்பு எரியும். என் சம்பாத்தியத்தில்தான் எங்கள் ஒரே மகள் மீரிம் மருத்துவக் கல்லூரியில் படித்தாள். அறுவை மருத்துவர் ஆக வேண்டும் என்பது அவள் கனவு. கடைசி வருஷம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது.

நிச்சயத்தின்போது சம்பந்தி காசிமாலி, "தாராளமா படிக்கட்டும், நாங்க என்ன காட்டு மனுஷங்களா?" என்றார். கல்யாணம் ஆன மறுமாதம், "செப்டம்பர்ல பாப்போம்" என்றார். மாப்பிள்ளை உலான் ரஷ்யாவில் லாரி ஓட்டுகிறான். கேட்டால், "அப்பா சொன்னா சரி" என்பான். ஆக, என் மகள் டாக்டர் ஆவதும் மாமனார் வீட்டில் டீ ஊற்றிக்கொண்டே காலம் கழிப்பதும் அந்த ஒரு மனிதரின் வாயில் இருந்தது. கட்டணத்தை நானே கட்டுகிறேன் என்று சொல்லியாயிற்று. செப்டம்பர் வரைக்கும் அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் என் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. படத்தைக் கோத்து முடித்து, ஏற்றுவதற்குப் போட்டால் பாதி வழியில் மூச்சு முட்டி நின்றுவிடும். "ரேம் பத்தலை, இன்னொண்ணு போடுங்க" என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சீப்பு நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை. அதற்குள் இவ்வளவு வம்பு இருக்கும் என்று யார் கண்டது?

சந்தையில் அது இரண்டு வகையாகக் கிடைக்கும். ஒன்று, பெயர் போட்ட கம்பெனிச் சரக்கு. டப்பா, பளபளக்கும் ஸ்டிக்கர், வாரண்டி முத்திரை எல்லாம் உண்டு. இன்னொன்று பெயரே இல்லாதது. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் கொடுப்பார்கள், விலை பாதி. பிழைப்பு அதில் இருக்கிறது, நான் கம்பெனிச் சரக்கே வாங்குவது என்று முடிவு செய்தேன்.

"ஏங்க, நாளைக்கு சந்தை மாடியில கோஸ்த்யா கடைக்குப் போய் ரேம் வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

ஓமுர்பெக் கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். "மாடியிலயா? கீழ நம்ம சம்பந்தி கடை போட்டு உக்காந்திருக்காரு. அவர் மூஞ்சிக்கு முன்னாலயே படியேறிப் போவியா? உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"அவர்கிட்ட பேரில்லாத சரக்குதானே இருக்கு."

"பேரு என்னடி பேரு? குதிரை ஓடணும். அதுக்குப் பேரு வெச்சா என்ன, வெக்காட்டி என்ன?"

"நாளைக்கு அது நின்னு போச்சுன்னா நீங்களா வந்து ஓட்டுவீங்க?"

"மருமகன் உறவு நூறு வருஷம், சம்பந்தி உறவு ஆயிரம் வருஷம். பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? செப்டம்பரை நெனச்சுக்கோ."

செப்டம்பர் என்றதும் என் வாய் அடைத்துக்கொண்டது. அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த மனுஷர் அதைச் சொன்னார்.

காசிமாலியின் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு மேசை, ஒரு அலமாரி, சுவரில் தொங்கும் கம்பிகள். என்னைக் கண்டதும் தங்கப்பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். "வாங்க வாங்க சம்பந்தியம்மா! ரேம்தானே? மீரிம் சொல்லிச்சு. கம்பெனி கம்பெனின்னு ஊரே பேயா அலையுது. உள்ள இருக்கிற சில்லு எல்லாம் ஒரே இடத்துல இருந்து வர்றதுதான். மேல ஒட்டின காகிதத்துக்கா ரெண்டு மடங்கு அழுவீங்க? சேணத்தை மாத்தினா குதிரை வேகமா ஓடுமா?" குனிந்து, மேசைக்கு அடியில் இருந்த ஒரு தனிப் பெட்டியில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். "இந்தாங்க. உங்களுக்குன்னே எடுத்து வெச்சது."

உங்களுக்குன்னே எடுத்து வைத்தது! எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. இப்படிப்பட்ட மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடக் கடவுளே, அந்த ரேம் என்னைப் படுத்திய பாடு! முன்பாவது பாதிவழி வரை ஓடும். இப்போது பெரியப்பா மைக்கைத் தொடும்போதே திரை நீலமாகிவிடும். ஒரு நாள் நன்றாக ஓடும். சரியாகிவிட்டது என்று நிம்மதியாக டீ போடப் போவேன். திரும்பி வந்தால் மணப்பெண் பாதிக் கண்ணை மூடிய கோலத்தில் உறைந்து நிற்பாள். கழற்றித் துடைத்துப் போட்டேன். இடம் மாற்றிப் போட்டேன். ஊதினேன், கெஞ்சினேன், பெட்டியின் பக்கவாட்டில் ஒரு குத்தும் விட்டேன். ஒன்றுக்கும் மசியவில்லை. வாடிக்கையாளர்கள் போன் மேல் போன் போட்டு, "அக்கா, பேரன் பொறந்ததுக்கு அப்புறம்தான் கல்யாணப் படம் தருவீங்களா?" என்று குத்திக் காட்டினார்கள்.

"மாத்திக் குடுங்கன்னு கேக்கட்டுமா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"சம்பந்தி கையால குடுத்ததைத் திருப்பிக் கொண்டு போறதா? தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?"

"தானமா? காசு குடுத்துல்ல வாங்கினேன்!"

"குறைச்சுத்தானே வாங்கினாரு. அந்தக் குறைச்சது தானம்."

இந்த மனிதரிடம் பேசுவதும் ஒன்றுதான், அந்த நீலத் திரையிடம் பேசுவதும் ஒன்றுதான். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊரில் உறவுக்காரர் விற்றதைத் திருப்பிக் கொடுப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கடைசியில் ஒரு நாள், காசிமாலி நமாசுக்குப் போகிற நேரமாகப் பார்த்து, முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, திருடி மாதிரி மாடிப்படி ஏறினேன். கோஸ்த்யா கடையில் கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று. "கம்பெனின்னா கம்பெனிதாம்மா. வாழ்நாள் வாரண்டி" என்றான்.

"யாரு வாழ்நாளு? உன்னுதா, என்னுதா?"

"ரேமோடதும்மா" என்றான். சிரிப்பு வரவில்லை எனக்கு. இரண்டு மடங்கு எண்ணி வைத்துவிட்டு வந்தேன்.

போட்டேன். ஓடியது. அது ஓட்டம்! ஆறு மணி நேரப் படம் ஒரு இருமல்கூட இல்லாமல் ஏறி முடிந்தது. 'பார்த்தாயா, கம்பெனி கம்பெனிதான்' என்று வெறும் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். தேங்கிக் கிடந்த படங்களை எல்லாம் முடித்துக் கொடுத்தேன். மீரிமின் கட்டணத்துக்கு உண்டானதும் சேர்ந்துவிட்டது. செப்டம்பர் மட்டும் நல்லபடியாக வந்தால் போதும் என்றிருந்தேன்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. காசிமாலியும் சம்பந்தியம்மா அனார்கானும் எங்கள் தெருமுனையில் இருக்கிறார்களாம். ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று வருகிறார்களாம். எனக்குப் பகீரென்றது. காசிமாலி எந்த வீட்டுக்குப் போனாலும் கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்காமல் டீயைத் தொட மாட்டார். உள்ளே இருப்பதோ மாடிக் கடை ரேம்!

ஓடிப்போய் அதைப் பிடுங்கினேன். சம்பந்தியின் ரேமை மாட்டினேன். பிடுங்கியதை டப்பாவில் போட்டு, எங்கே ஒளிப்பது என்று சுற்றிப் பார்த்தேன். மேசை இழுப்பறையைத் திறப்பார். அலமாரியைத் திறப்பார். அப்போதுதான் கியித் தட்டு கண்ணில் பட்டது. சம்பந்தி வந்து போகும்போது வெறுந்தோளோடு அனுப்பக் கூடாது. சட்டையோ கோட்டோ முக்காடோ போர்த்தித்தான் அனுப்ப வேண்டும். அதுதான் கியித். எல்லா வீட்டிலும் ஒரு தட்டு நிறையப் பொட்டலங்கள் தயாராக இருக்கும். யாரும் அதைப் பிரித்து உடுத்துவதில்லை. வந்ததைப் பொட்டலத்தோடு அப்படியே அடுத்தவர் தோளில் வைத்துவிடுவோம். நான் கொடுத்த ஊதா முக்காடு ஊரெல்லாம் சுற்றி எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது. பிரிக்காத பொட்டலத்தைவிடப் பத்திரமான இடம் உண்டா? அடியில் இருந்த ஒரு சட்டைப் பொட்டலத்துக்குள் டப்பாவைச் செருகினேன். சம்பந்திக்குக் கொடுக்க வேறொரு சட்டையை எடுத்துச் சோபாவில் வைத்தேன். கதவு மணி அடித்தது.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். நான் எதிர்பார்த்தபடியே காசிமாலி மூடியைக் கழற்றினார். தன் ரேமைப் பார்த்துப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பூரித்தார். "எப்படி ஓடுது?"

"காத்து மாதிரி ஓடுது" என்றேன். வேறென்ன சொல்ல?

"ஒரு படத்தைப் போடுங்க பாப்போம்."

போட்டேன். அந்தப் பாழாய்ப்போன ரேம், என்னை மாதக்கணக்கில் அழவைத்த அதே ரேம், அவர் முன்னால் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடிற்று. முதலாளி முன்னால் மட்டும் வேலை செய்யும் சோம்பேறி மாதிரி. எனக்கு அதைப் பிடுங்கி மிதிக்க வேண்டும் போலிருந்தது. "பாத்தீங்களா? கம்பெனி கம்பெனின்னு அலையறானுங்க" என்றார்.

டீ ஊற்றினேன். செப்டம்பர் பேச்சை எடுக்கத் தைரியம் வந்தது. "மீரிமுக்கு அடுத்த வாரம் காலேஜ் திறக்குது..."

காசிமாலி ரொட்டியைப் பிய்த்தார். அனார்கான்தான் பேசினாள். "அதைத்தான் பேச வந்தோம். மீரிமுக்கு என்ன விரலுங்கிறீங்க! வெச்சது வெச்ச இடத்துல நிக்கும். ஒரு நூல் அளவு கோணாது. வீட்டுத் தொழிலுக்கு அந்தக் கை பெரிய ஒத்தாசை. இன்னும் ஒரு வருஷம் படிச்சு என்ன கிழிக்கப் போறா?"

வீட்டுத் தொழில் என்றால் கொழுக்கட்டை மடிப்பதைச் சொல்கிறாள் போலும் என்று நினைத்தேன். "ஒரு வருஷம்தானே சம்பந்தியம்மா..." என்று இழுத்தேன்.

"பாப்போம், பாப்போம்" என்றார் காசிமாலி. அதே பாப்போம்! நான் சிரித்த முகத்தோடு இன்னொரு கிண்ணம் ஊற்றினேன்.

கிளம்பினார்கள். நான் சமையலறையில் அவர்களுக்குப் பலகாரம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், என் வீட்டுக்காரர் கியித் போர்த்தி, வாசல்வரை வழியனுப்பி, கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார். சோபாவைப் பார்த்தேன். நான் எடுத்து வைத்த சட்டை அங்கேயே இருந்தது.

"ஏங்க, இதைப் போர்த்தலையா?"

"அது லேசா, அற்பமா இருந்துச்சு. சம்பந்திக்கு அதையா குடுக்கறது? அடியில ஒண்ணு இருந்துச்சு, தூக்கிப் பாத்தேன், நல்ல கனம். கனமா இருந்தா ஒசத்தித் துணிதானே? அதைக் குடுத்துட்டேன்" என்றார். முகத்தில் என்ன பெருமை!

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே, இரண்டு கையாலும் அடித்துக்கொண்டேன். மாடிக் கடை டப்பா, மாடிக் கடை முத்திரை, சம்பந்தியின் தோளில் ஏறிச் சம்பந்தி வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. மற்ற வீடு என்றால் பிரிக்க மாட்டார்கள். அனார்கான் பிரிப்பாள். நாங்கள் கொடுத்த துணி மட்டமா என்று தடவிப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

மீரிமுக்குப் போன் போட்டேன். "அவங்க வந்து இறங்கினதும் அந்தச் சட்டைப் பொட்டலத்தை எப்படியாவது உன் கைக்குக் கொண்டு வந்துடு. உள்ள இருக்கிற டப்பாவை எடுத்து ஒளிச்சு வை. எதுக்குன்னு இப்போ கேக்காதே" என்றேன். பிறகு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓமுர்பெக் விஷயம் புரிந்து, பேச்சு மூச்சு இல்லாமல் பால்கனிக்குப் போய்விட்டார். அவர் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

அவளே கூப்பிட்டாள். "எடுத்துட்டேம்மா. அத்தை வாசல்ல பக்கத்து வீட்டம்மாவோட பேசிட்டு இருக்காங்க."

"அப்பாடா! டப்பா இருக்கா?"

"இருக்கு." டப்பாவைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. அது சிரிப்பா என்பதும் தெரியவில்லை.

"என்னடி சிரிப்பு? இங்க எனக்கு உசிரு போகுது."

"இதை எங்கம்மா வாங்கினே?"

"கோஸ்த்யா கடையில. ஒரிஜினல் கம்பெனி. ரெண்டு மடங்கு குடுத்தேன்."

"அம்மா... இந்த ஸ்டிக்கரை நான்தான் ஒட்டினேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மாமனார் பெயரில்லாத ரேமை மூட்டையாக வரவழைக்கிறார். ஒவ்வொன்றையும் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிப் பார்க்கிறார். நன்றாக ஓடுகிறவற்றுக்கு மத்தியானத்தில் சமையலறை மேசையில் விரிப்பு விரித்து, மாமியாரும் மருமகளுமாகக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அது மாடிக் கடைக்குப் போகிறது. "விரல் ரேகை விழக் கூடாதுன்னு மாமா சொன்னாரு. காலேஜ்ல வாங்கின கையுறை மீதி இருந்துச்சு. அதைப் போட்டுக்கிட்டு ஒட்டுவேன்."

அறுவை செய்யக் கற்ற கை. கல்லூரிக் கையுறை. கொழுக்கட்டை இல்லை, திருட்டு ஸ்டிக்கர்.

"சரியா ஓடாதது?" என்று கேட்டேன்.

"லேசா தடுக்கறது கீழ் கடையில பேரில்லாம விக்கும்."

"ரொம்பத் தடுக்கறது?"

"பொட்டலத்தைத் திரும்பக் கட்டணும்மா" என்று அவள் பேச்சை மாற்றினாள்.

"மீரிம், கேக்கறேன்ல?"

"அதைத் தனிப் பெட்டியில போட்டு வெப்பாரு. சொந்தக்காரங்களுக்கு. அவங்கதான் திருப்பிக் கொண்டுவர மாட்டாங்களாம்."

உங்களுக்குன்னே எடுத்து வெச்சது!

"இதை ஏண்டி எங்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? சண்டைக்குப் போவே. அப்புறம் எனக்குச் செப்டம்பர் ஏது?" என்றாள். "நீ மட்டும் ரேம் ஓடலைன்னு எங்கிட்ட சொன்னியா?"

நான் சொல்லவில்லை. அவளுக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் செப்டம்பருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேர் மௌனத்திலும் அந்த மனிதர் சுகமாகக் கடை நடத்திக்கொண்டிருந்தார். திருப்பித் தர மாட்டார்கள் என்ற தைரியம்! பெண்ணையும் அதே தைரியத்தில்தான் உட்கார வைத்திருக்கிறார்.

மறுநாள் சம்பந்தி கொடுத்த ரேமைக் கழற்றினேன். ஓமுர்பெக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "கனிஷாய், வேண்டாம். சம்பந்தி ஆயிரம் வருஷம்..."

"ஆயிரம் வருஷமும் நின்னு நின்னு போற கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? தள்ளுங்க."

தள்ளினார். என் முகத்தைப் பார்த்தே தள்ளியிருக்க வேண்டும்.

காசிமாலியின் கடையில் நல்ல கூட்டம். கல்லூரி திறக்கப் போகிற சமயம். அப்பன்மார் பிள்ளைகளோடு நின்றார்கள். "வாங்க வாங்க சம்பந்தியம்மா! டீ சொல்லட்டுமா?" என்றார்.

"டீ வேண்டாம். இன்னைக்கு நான் சம்பந்தி இல்ல, வாங்க வந்தவ" என்று சொல்லி ரேமை மேசைமேல் வைத்தேன். "இது ஓடலை. மாத்திக் குடுங்க."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காசிமாலியின் தங்கப்பல் மறைந்தது. "நேத்துதான் காத்து மாதிரி ஓடுதுன்னீங்க..."

"பொய் சொன்னேன். வாங்கின நாள்ல இருந்து ஓடலை."

"சம்பந்தியம்மா, உறவுக்குள்ள குடுத்ததைத் திருப்பறதா? யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் ஆறு மணி நேரம் கண்டவன் வாழ்த்தையெல்லாம் கேக்கறவ, எனக்குச் சிரிப்பு ஒரு பொருட்டா?"

அவருக்கு முகம் சிவந்தது. குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க மட்டும் என்ன ஒசத்தியா செஞ்சீங்க? போன கல்யாணத்துக்கு நீங்க போர்த்தின சட்டை ஒரே தோய்ப்புல சாயம் போச்சு. நாங்க ஒரு வார்த்தை சொன்னோமா?"

அது உண்மை. எனக்கே சுருக்கென்றது. நானும் சொந்தக்காரர் என்றால் மட்டமானதைத்தானே கட்டிக் கொடுத்தேன். "சொல்லியிருக்கணும்" என்றேன். "அந்தச் சட்டையைத் திருப்பிக் கொண்டு வாங்க. மாத்தித் தர்றேன். ஆனா பொண்ணை நான் சாயம் போற சரக்காக் குடுக்கலை." மேசையைத் தாண்டிக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். "அவ கையுறை நோயாளியைத் தொடறதுக்கு வாங்கினது. உங்க வீட்டு மேசையில ஸ்டிக்கர் ஒட்ட இல்ல."

அவர் மாடிப்பக்கம் ஒரு தரம் பார்த்தார், கடையில் நின்றவர்களை ஒரு தரம் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒரு அப்பன், தன் கையில் இருந்த பிளாஸ்டிக் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நாம உறவெல்லாம் இல்லையே? இது ஓடும்தானே?" என்று கேட்டான்.

"உங்கிட்ட யாரு பேசினா?" என்று காசிமாலி அவன்மேல் எரிந்து விழுந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்ன செய்யணுங்கிறீங்க?"

"முதல்ல இதை மாத்துங்க. தனிப் பெட்டியில இருந்து இல்ல."

அவர் பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தார். "ஓட்டிக் காட்டுங்க" என்றேன். கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் போய், அடுத்த கூட்டம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அது கடைசிவரை ஓடி முடித்த பிறகு கழற்றி என் கையில் கொடுத்தார். மேலே ஒரு பெயரும் இல்லை. எனக்குப் பெயர் வேண்டியிருக்கவும் இல்லை.

"அவ்வளவுதானே?" என்றார்.

"இல்ல. குடுத்ததைத் திருப்பிக் கொண்டுவர மாட்டாங்கன்னு நெனச்சீங்க. கொண்டு வந்துட்டேன், பாத்துக்குங்க. எனக்கு வெக்கம் கிடையாதுன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. செப்டம்பர்ல மீரிம் வகுப்புல உக்காரலைன்னா, இதே மாதிரி வந்து நிப்பேன். குடுத்த பொண்ணையும் திருப்பிக் கூட்டிட்டுப் போவேன்."

சொல்லிவிட்டேனே தவிர, வெளியே வந்ததும் தைரியம் எல்லாம் போய்விட்டது. டிராலிபஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, ரேமை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனோ என்று பயம்.

காசிமாலி எனக்குப் போன் செய்யவில்லை. அனார்கான் என்னை என்னவெல்லாம் திட்டினாள் என்பதை மீரிம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் கல்லூரி திறந்த அன்று காலையில், மாமனாரே தன் பழைய காரில் அவளை வாசல்வரை கொண்டு விட்டிருக்கிறார். இறங்கும்போது, "உங்கம்மாகிட்ட சொல்லு, வாரண்டி முடிஞ்சு போச்சுன்னு" என்றாராம்.

அந்த வாரமே மீரிம் கல்லூரியிலிருந்து கூப்பிட்டாள். தையல் போடுகிற பயிற்சி வகுப்பாம். மாதக்கணக்கில் பயிற்சி விட்டுப்போனவள், கை நடுங்கும் என்று ஆசிரியர் பக்கத்திலேயே நின்றாராம்.

"நடுங்கிச்சா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஒரு நூல்கூடக் கோணலை. லீவுல வீட்டுல பழகினியான்னு கேட்டாரு."

"நீ என்னடி சொன்னே?"

"ஆமான்னு சொன்னேன்."

நான் போனைக் கீழே வைத்தேன். திரையில் யாரோ ஒரு பெரியப்பா மைக்கைப் பிடித்து, பிள்ளைகள் நூறு வருஷம் வாழ வேண்டும் என்று முதல் தடவை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைத் திட்டவில்லை. எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.